சுடவே இல்லை என்றார்

வருகிற வைகாசி வந்தால் நான்கு வருடம் முடிகிறது. நீடாமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். அங்கே மாரியம்மன் கோயில் தீமிதி அன்று நடந்ததையும், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் விவசாயி. கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை. அவரை வீட்டுக்குள் பார்ப்பது அபூர்வம். விடிந்ததும் வயல், வெயில் ஏறினால் ஆற்றங்கரை, சாயந்திரம் வாய்க்கால். தண்ணீர் வடிந்த குட்டையில் இறங்கி, சேற்றுக்குள் கைவிட்டே விரால் பிடித்துவிடுவார். பிடித்த நண்டில் ஒன்றை என் தம்பியின் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேசிக்கொண்டிருப்பார். மச்சான் உறவு என்பதால் தம்பியும் விடமாட்டான். மறுநாள் இவருடைய டவலில் ஒட்டுப்புல்லைத் தேய்த்து வைப்பான்.

எங்கள் வயலில் நடவு என்றால் நடவு ஆட்கள் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். இவர் வரப்பில் நின்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்வார். வடக்கு வரிசை அக்கா முன்னேறுகிறார், தெற்கு வரிசை சின்னம்மா வெற்றிலை போடுவதற்காக ஆட்டம் நிறுத்தப்படுகிறது என்று. அந்தப் பெண்கள் சிரித்துச் சிரித்தே முதுகுவலியை மறந்துவிடுவார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அவள்தான் அவருக்கு உயிர். ஆனி மாதத்தில் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் அன்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார். காய்ந்த வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வரும். அப்பாவும் மகளும் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே ஊர்வரை அழைத்து வருவார்கள். படிப்பு கெடுகிறதே என்று நான் சத்தம் போட்டால், தண்ணீர் வருகிற அன்றைக்குப் பள்ளிக்கூடம் வைத்ததுதான் தப்பு என்பார்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில்தான் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். நினைவு வந்தால் போடுவார். செருப்பு போடுங்கள் என்று நர்சம்மா சொன்னதையும் கேட்கவில்லை. சேற்றில் நிற்கிறவனுக்கு எதற்குச் செருப்பு என்று ஒரே பேச்சாகப் பேசிவிட்டார். ஒருநாள் வயலிலிருந்து வந்து உட்கார்ந்தவரின் பாதத்தில் கருவேல முள் ஒன்று பாதிக்கு மேல் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். எப்போது குத்தியது என்றே அவருக்குத் தெரியவில்லை. தோல் தடித்துப்போயிற்று, எருமைத் தோல் என்று அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மகளுக்குக் கல்யாணம் ஆகி, அவள் முழுகாமல் இருந்தபோது ஏழாம் மாதத்தில் ரத்தம் போனது. மன்னார்குடி ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் எங்கள் ஊர் அம்மன் வாசலில் வந்து விழுந்தேன். தாயும் பிள்ளையும் பத்திரமாக இரண்டாகப் பிரிந்துவிட்டால் அவள் அப்பா உன் குழியில் இறங்குவார் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் பெண்கள் தீ மிதிப்பதில்லை, பால்குடம்தான் எடுப்போம். அதனால் அவர் பேரில் நேர்ந்துகொண்டேன். அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மாசி மாதம் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதன் பிறகுதான் வேண்டுதலைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நேந்துக்கிட்டது நீ. வேகுறது நானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுக்கவில்லை. பேரனைத் தூக்கி, உனக்காகத் தாத்தா நெருப்பில் நடக்கப் போகிறேன், பெரியவனாகி எனக்குக் குவார்ட்டர் வாங்கித் தருவாயா என்று கேட்டார். மகளும் சிரித்துவிட்டாள்.

தீமிதிக்குப் பத்து நாள் முன்னால் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, மஞ்சள் வேட்டி, தீமிதி முடியும்வரை ராத்திரி கோயிலில் படுக்கை. எங்கள் குத்தகை வயல் ஆற்றுக்கு அந்தப்பக்கம். ஆறுதான் எல்லை. அவர் இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த என் தம்பியிடம் கத்திக் கத்தி வேலை சொன்னார். என் தம்பி வேண்டுமென்றே காது கேட்காதவன் மாதிரி நடித்தான்.

தீமிதி அன்று மத்தியானமே வேப்பமரக் கட்டையும் புளியங்கட்டையும் அடுக்கிக் கொளுத்தினார்கள். சாயந்திரம் கங்குகளை வாரிப் பரப்பியபோது பத்தடி தள்ளி நின்ற எங்களுக்கே முகம் காந்தியது. ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வரிசையாக வந்தார்கள். எல்லோரும் நாலே எட்டில் ஓடிக் கடந்து, முடிவில் இருக்கும் பால் குழியில் குதித்தார்கள். இவர் ஓடவில்லை. வரப்பில் நடப்பது போல நிதானமாக நடந்தார். நடுவில் தலையைத் திருப்பி, குழந்தையோடு நின்ற மகளைத் தேடிப் பார்த்தார். கூட்டம் குலவையிட்டது. பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஆத்தா மடியில் நடந்தது மாதிரி நடந்தார் என்று பூசாரி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நான் கிட்டே போய்க் காலைப் பற்றிக் கேட்டேன்.

"சுடவே இல்ல புள்ள. சத்தியமா. வெயில்ல ரோட்டுல நடக்கிற சூடுகூடத் தெரியல."

அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. என் வேண்டுதலைக் கேட்டு, என் புருஷன் காலையும் காப்பாற்றினாள் என்று ராத்திரி முழுக்கப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவர் கால் கழுவும்போது வலது பாதத்தைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். குதிகாலில் தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விரதம் சுத்தமாக இருந்தால் சுடாது, யாருக்குச் சுட்டதோ அவர் விரதத்தில் ஏதோ பிசகு என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். முந்தின வருடம் ஒருவருக்குக் கால் வெந்துவிட்டது. அவர் வீட்டுப் பெண்ணை மூன்று மாதம் குழாயடியில் குத்திக் குத்திப் பேசினோம். பேசியவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் அந்தக் கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரி நினைவே வரவில்லை. மானம் போய்விடுமே என்றுதான் வந்தது. விரதத்தில் ஏதாவது தப்புப் பண்ணினீர்களா, மீன் தின்றீர்களா என்று அவரிடமே கேட்டேன். பேரன் மேல் சத்தியம், ஒன்றும் பண்ணவில்லை என்றார். அவர் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் பார்த்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு, கோயில் விபூதியைத் தூவி, என் பழைய சேலைத் துணியால் கட்டினேன். யாரிடமும் சொல்லாதீர்கள், மகளுக்கும் தெரிய வேண்டாம் என்றேன். வலிக்கவே இல்லை, எதற்குச் சொல்லப் போகிறேன் என்றார்.

மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு, முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற நாள். அவர் போகாவிட்டால் மச்சான்மார்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள். கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் போனார். அவிழ்த்தவளும் நான்தான். தெரு முழுக்கச் சேறும் மஞ்சள் தண்ணீருமாக ஓடி, என் தம்பியைத் துரத்தி அண்டாவோடு கவிழ்த்தார். ஐந்தாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். ஆறாம் நாள் குறுவைக்கு நாற்றங்கால் சேறடிக்க இறங்கிவிட்டார். நான் தடுக்கவில்லை. வலி இல்லை என்கிறாரே, ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். ராத்திரியில் மட்டும், மகள் குழந்தையோடு தூங்கிய பிறகு, விபூதியை மாற்றிக் கட்டினேன். கட்டு எதற்கு என்று மகள் கேட்டபோது முள் குத்திவிட்டது என்று அவரே சமாளித்துவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். வீட்டுக்குள் ஏதோ எலி செத்த நாற்றம் அடிக்கிறது என்று மகள் சொன்னாள். பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. நெல் மூட்டைகளை நகர்த்தித் தேடினோம். பரண் மேல் தேடினோம். அவரும் எங்களோடு சேர்ந்து குனிந்து தேடினார். எலி கிடைக்கவில்லை. மத்தியானம் அவர் களைத்துப் பாயில் படுத்தார். மகள் போர்வை எடுத்துப் போர்த்தப் போனவள் காலருகே நின்றுவிட்டாள். பிறகு கட்டை அவிழ்த்தாள். விரல்கள் கறுத்திருந்தன. தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது.

என் தம்பி கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பேனா முனையால் பாதத்தைத் தொட்டார். தொடுகிற இடத்தைச் சொல்லுங்கள் என்றார். கெட்டுப்போன காலில் தொட்டார். நல்ல காலிலும் தொட்டார். ஏழெட்டு இடம் தொட்டிருப்பார். இவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களாம்மா?"

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். சர்க்கரை பல வருடமாகக் கால் நரம்பைச் சாகடித்திருக்கிறது, அதனால்தான் சூடும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை என்று எங்களுக்கு விளக்கினார். நெருப்பில் நடந்ததைச் சொன்னதும் பாதத்தை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு, கொப்புளம் வந்த அன்றே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"நான்தாங்க மறைச்சிட்டேன். தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்துடுவாங்கன்னு யார்கிட்டயும் காட்டல. இவளுக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

மகள் அங்கேயே அழுதுகொண்டு அவரைத் திட்டினாள். எங்களை நினைத்துப் பார்த்தீர்களா, அப்படி என்ன பிடிவாதம் என்று கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து அப்பாவை ஒரு வார்த்தை கடிந்து பேசியவள் இல்லை. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

முதலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். சீழ் நிற்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆடியில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வாய்க்காலில் அப்போது நிறையத் தண்ணீர் போனது. ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்கும். அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. பார்க்க வந்தவர்களிடம் மட்டும் பழைய மாதிரிப் பேசினார். இனிமேல் செருப்புச் செலவு பாதி மிச்சம் என்றார். வந்தவர்களும் சிரித்துவிட்டு, வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருநாள் என் தம்பி டி.வி.எஸ்ஸில் பின்னால் உட்காரவைத்து வயலுக்குக் கூட்டிப்போனான். பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள். இறங்க முடியாத இடத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சொன்னாராம். அதற்கப்புறம் கூப்பிட்டாலும் போகவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், மகள் குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்த சமயம், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள், என் பேரில்தானே தப்பு என்று. அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நான் ரொம்ப நாள் தாங்கமாட்டேன் புள்ள, எனக்குத் தெரியுது. அப்பன் போனப்புறம் அவளுக்கு ஆத்தா வேணும்ல? உன்மேல வெறுப்பு வந்துட்டா அவ எந்த வீட்டுக்கு வருவா?"

அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, சொல்லித் தொலைக்காதே, நான் பட்டது வீணாகிவிடும் என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

சிறுநீரகமும் கெட்டுவிட்டது. மார்கழிக் கடைசியில், சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும்போது அவர் போய்விட்டார். அறுப்புக்கு மெஷின் பிடிக்க யார் போவது என்று தெரியாமல் என் தம்பி வரப்பில் உட்கார்ந்து அழுதான்.

அவர் சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை. மகளும் மாதத்துக்கு இரண்டு தடவை வந்தாள். எனக்கு மருந்து வாங்கிவந்தாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். உறவுக்காரர்கள் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவள் முகம் கறுத்துவிடும். அப்பாவாகத் தேடிக்கொண்டது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார் என்பாள். அவர் படத்துக்கு முன்னால் நின்று கும்பிடமாட்டாள். நான் கீரை ஆய்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். அம்மனிடம் போய் அழுவேன். அங்கே அழுதது மகளுக்கு எப்படிக் கேட்கும்?

போன கார்த்திகையில் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். பேரன் படத்தைக் காட்டி, இந்தத் தாத்தா பொய் சொன்னதனால் செத்துப்போய்விட்டார், அம்மா சொன்னாங்க என்றான். காபியில் சர்க்கரை இல்லை என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அவனுக்காக நெருப்பில் நடந்த மனுஷனைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுப்பை அணைத்துவிட்டு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதலை அவரைக் கேட்காமல் செய்தது, மறுநாளே கொப்புளத்தைப் பார்த்தது, ஊருக்குப் பயந்து மறைக்கச் சொன்னது, மஞ்சள் நீராட்டுக்குக் கட்டை அவிழ்த்துவிட்டது, அவர் என்னை மறைத்துப் பேசியபோது சும்மா நின்றது. நான் முடித்ததும், உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துத் தட்டில் வைத்தாள். குழந்தைக்குச் சட்டை மாட்டினாள். ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சோறு அப்படியே இருந்தது.

அதன் பிறகு போன் இல்லை. நான் போட்டால் மாப்பிள்ளை எடுத்து, வேலையாக இருக்கிறாள் என்பார்.

மார்கழியில் மூன்றாம் வருடத் திவசம். வரமாட்டாள் என்றே நினைத்தேன். விடிகாலையிலேயே மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் வந்து இறங்கினாள். நேரே அடுப்படிக்குப் போனாள். என்னை எதையும் தொட விடவில்லை. அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடை, மொச்சைக்குழம்பு எல்லாம் செய்து இலை போட்டாள். சூடம் ஏற்றும் முன் படத்துக்கு எதிரே தரையில் விழுந்தாள். எழுந்திருக்கவே இல்லை. மாப்பிள்ளை தூக்கப் போனார், கையைத் தட்டிவிட்டாள்.

"மூணு வருஷமா உங்களைத் திட்டிட்டேம்பா. மன்னிச்சுக்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எழுந்து விபூதித் தட்டை எடுத்துக் குழந்தைக்குப் பூசினாள், மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள். என் முன்னாலும் தட்டை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நானே எடுத்துப் பூசிக்கொண்டேன்.

இன்னும் அவள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடுகிறாள். பின்னால் அவள் மூச்சு கேட்கிறது. அவர் சொன்னதை மீறிவிட்டோமே, அவர் பட்டதை வீணாக்கிவிட்டோமே என்று சில நாள் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் சொன்னதற்காக நான் வருந்தவில்லை.

அம்மன் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெற்ற வயிறு தவித்துக் கேட்டதை அவள் கொடுத்தாள். ஒரு காலைக் கொடு என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. இந்த வருடமும் பால்குடம் எடுக்கப் பேர் கொடுத்திருக்கிறேன். காப்புக் கட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, சர்க்கரை இருக்கிறவர்கள் இறங்காதீர்கள், அப்படிச் சுட்டுவிட்டால் அது விரதப் பிசகு இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று என் கதையைச் சொல்லப்போகிறேன். யார் என்ன பேசினாலும் பேசட்டும். என் மகள் முகம் கொடுக்காத ஒவ்வொரு நாளும், அவர் எனக்காக வாங்கிச் சுமந்த பழியில் ஒருபிடி என் தலைக்கு வந்து சேருகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அது கனக்கிறது, வலிக்கிறது. வலி தெரிகிறதே, அதுவரைக்கும் நான் மரத்துப்போய்விடவில்லை என்று ஆத்தாளுக்கு நன்றி சொல்கிறேன்.